கலங்கிய சாறு, திரிந்த பால், வெளுத்த பீட்ரூட்: உலக சூப்புகளில் நேரும் பிழைகளும் அவற்றைச் சரிசெய்யும் வழிகளும்

பிற நாடுகளின் பாரம்பரிய சூப்புகளை வீட்டில் செய்துபார்ப்பவர்கள், எதிர்பார்த்தபடி வராதபோது முதலில் சந்தேகிப்பது பொருள்களைத்தான். எலும்பு சரியில்லை, அந்த நாட்டு மசாலா கிடைக்கவில்லை, செய்முறையே தவறு என்று காரணங்களை அடுக்குகிறார்கள். பெரும்பாலான பிழைகள் வேறு இரண்டு இடங்களிலிருந்து வருகின்றன. ஒன்று, தீ எந்த அளவில் எரிந்தது என்பது. மற்றொன்று, எந்தப் பொருள் எந்தக் கட்டத்தில் பானைக்குள் போனது என்பது. ஆகவே, ஏதோ தவறிவிட்டது என்று தெரிந்தவுடன் உப்பையோ மசாலாவையோ கூட்டாமல், முதலில் அடுப்பை அணைத்துவிட்டு, கீழே உள்ள அறிகுறிகளில் எது பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும்.

சாறு கலங்கியிருக்கிறது

இது பிழைதானா என்பதையே முதலில் உறுதிசெய்துகொள்ள வேண்டும். வியட்நாமின் ஃபோ, பிரான்சின் கான்சொமே ஆகியவை கிண்ணத்தின் அடி தெரியும் அளவுக்குத் தெளிந்திருக்க வேண்டியவை. பன்றியெலும்பில் செய்யும் ஜப்பானின் டொன்கொட்சு ராமென் சாறும் கொரியாவின் சொல்லொங்தாங்கும் பால்போல வெளுத்திருக்க வேண்டியவை. முதல் வகையில் கலங்கலை உண்டாக்கும் அதே செயல்தான் இரண்டாம் வகையில் வெண்மையை உண்டாக்குகிறது. நீர் தளதளவென்று கொதிக்கும்போது கொழுப்பு மிக நுண்ணிய துளிகளாக உடைகிறது; எலும்பிலிருந்து இறங்கிய ஜெலட்டின் அத்துளிகளை மீண்டும் ஒன்றுசேரவிடாமல் பிடித்துக்கொள்கிறது.

ஃபோ கலங்கியிருந்தால், எலும்புகளை முன்கூட்டியே கழுவி எடுத்தீர்களா என்று நினைத்துப்பாருங்கள். எலும்புகளைக் குளிர்ந்த நீரில் இட்டு, 5 முதல் 10 நிமிடம் நன்கு கொதிக்கவைத்து, அந்த நீரை முழுவதும் கொட்டிவிட்டு, ஒட்டியிருக்கும் சாம்பல்நிற நுரையைக் குழாய் நீரில் தேய்த்துக் கழுவிய பிறகே புதிய நீரில் உண்மையான சமையலைத் தொடங்க வேண்டும். அதன்பின் நீரின் மேற்பரப்பில் ஆங்காங்கே ஓரிரு குமிழிகள் மட்டும் எழும் அளவுக்குத் தீயைக் குறைத்து வைக்க வேண்டும்; பானையை இறுக மூடினால் நாம் அறியாமலேயே உள்ளே கொதி ஏறிவிடும்.

ஏற்கெனவே கலங்கிவிட்ட சாற்றுக்கு இரண்டு வழிகள் உள்ளன. கலங்கல் லேசானது என்றால், குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்து, மேலே உறைந்த கொழுப்பை எடுத்துவிட்டு, அடியில் தங்கிய வண்டலைக் கிளறாமல் ஈரத்துணியில் வடித்தால் போதும். கலங்கல் அதிகம் என்றால் கான்சொமே முறையையே கையாள வேண்டும். ஒரு லிட்டர் ஆறிய சாற்றுக்கு இரண்டு முட்டைகளின் வெள்ளைக்கரு, கொழுப்பில்லாத கொத்துக்கறி சுமார் 200 கிராம், பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரி, ஒரு தக்காளி ஆகியவற்றைக் கலந்து, மிதமான தீயில் கிளறியபடி சூடாக்க வேண்டும். வெள்ளைக்கரு உறையத் தொடங்கியதும் கிளறுவதை அடியோடு நிறுத்திவிட வேண்டும். அது கலங்கலைப் பிடித்துக்கொண்டு மேலே ஓர் அடையாக மிதக்கும். அதில் சிறு துளையிட்டு, முக்கால் மணி நேரம் சிறு தீயில் வைத்திருந்து, துளை வழியாகவே சாற்றை முகந்து வடிக்க வேண்டும். வெள்ளைக்கரு கலங்கலோடு சுவையையும் ஓரளவு உறிஞ்சிவிடும். அந்த இழப்பை ஈடுகட்டவே கறியும் காய்களும் சேர்க்கப்படுகின்றன என்பதால், அவற்றை விட்டுவிட்டு முட்டையை மட்டும் பயன்படுத்துவது நல்லதன்று.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு: டொன்கொட்சு சாறு பல மணி நேரம் ஆகியும் வெளுக்காமல் மங்கிய நீராகவே நிற்கும். அதற்குத் தீ போதவில்லை என்பதே பொருள். கொதியைக் கூட்டி, ஆவியாகும் நீரை அவ்வப்போது கொதிநீராலேயே ஈடுசெய்ய வேண்டும். குளிர்ந்த நீர் ஊற்றினால் கொதி அடங்கிவிடும். சிலர் பாலை ஊற்றி வெளுக்கவைக்கிறார்கள். அதனால் நிறம் வரும், ஆனால் உதட்டில் ஒட்டும் அந்தச் செறிவு வராது.

சாறு நீர்த்திருக்கிறது

இந்தக் குறைக்குள் இரண்டு வெவ்வேறு குறைகள் ஒளிந்திருக்கின்றன. சுவை நன்றாக இருந்தும் வாயில் தண்ணீர்போல ஓடினால், குறைவது ஜெலட்டின். ஆறிய சாற்றைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப்பார்த்தால், போதிய ஜெலட்டின் உள்ள சாறு அசைந்தாடும் கூழாக உறையும். இல்லாதது நீராகவே இருக்கும். சதைப்பற்றுள்ள துண்டுகளை எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் இந்தக் குறை தீராது. கோழிக்கால், பன்றிக்கால், மாட்டுவால், மூட்டெலும்பு போன்ற, தோலும் தசைநாரும் மிகுந்த பகுதிகளைச் சேர்க்க வேண்டும். பிரஷர் குக்கர் இந்த வேலையை வெகுவாக விரைவுபடுத்தும்.

செறிவு இருந்தும் சுவை தட்டையாக இருந்தால் சோதனை வேறு. ஒரு கரண்டிச் சாற்றைக் கிண்ணத்தில் எடுத்து ஒரு சிட்டிகை உப்பைக் கரைத்துச் சுவைக்க வேண்டும். பெரும்பாலான சூப்புகளுக்கு, ஒரு லிட்டருக்கு மொத்தம் 8 முதல் 10 கிராம் உப்பு தேவைப்படுகிறது. மீன் சாஸ், மிசோ என்னும் புளித்த சோயா விழுது, சோயா சாஸ் ஆகியவற்றில் உள்ள உப்பும் இந்தக் கணக்கில் அடங்கும். உப்பால் சுவை எழவில்லை என்றால், மற்றொரு கரண்டியில் சில துளி எலுமிச்சைச் சாற்றை விட்டுப்பார்க்கலாம். அதற்கும் எழவில்லை என்றால்தான் உமாமி என்னும் ஆழ்ந்த இறைச்சிச்சாற்றுச் சுவை குறைகிறது என்று முடிவுசெய்ய வேண்டும். கொம்பு என்னும் கடற்பாசியின் சுவைக்குக் காரணம் குளூட்டமேட் என்று 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனாயே இக்கேதா கண்டறிந்தார். காய்ந்த பொனீட்டோ மீன் சீவலில் இனோசினேட் இருப்பதை 1913-இல் ஷிந்தாரோ கொதாமா கண்டறிந்தார். இவ்விரண்டும் சேரும்போது சுவை வெறுமனே கூடுவதில்லை, பன்மடங்காகப் பெருகுகிறது. ஜப்பானிய சூப்புகளின் அடிப்படைச் சாறான தாஷி இரண்டையும் சேர்த்துச் செய்யப்படுவதன் பயன் இதுவே. மீன் வேண்டாதவர்கள் கொம்புவோடு காய்ந்த ஷீட்டாக்கே காளானைக் குளிர்ந்த நீரில் ஓர் இரவு ஊறவைத்தால், அக்காளானில் உள்ள குவானிலேட்டும் அதே வேலையைச் செய்யும். சூப் கட்டிகளை மேலும் மேலும் உடைத்துப் போடுவது சுவைக்கு முன்னால் உப்பைத்தான் கூட்டும்.

தாஷியே வழவழப்பாகவோ மீன்நாற்றத்துடனோ இருந்தால், கொம்புவைக் கொதிக்கவிட்டிருக்கிறீர்கள், அல்லது மீன் சீவலைப் பிழிந்திருக்கிறீர்கள். பாத்திரத்தின் ஓரத்தில் சிறு குமிழிகள் தோன்றும்போதே கொம்புவை எடுத்துவிட வேண்டும். சீவலைப் போட்டபின் ஓரிரு நிமிடத்தில் பிழியாமல் வடித்துவிட வேண்டும். மிசோவை அடுப்பை அணைத்த பிறகே கரைக்க வேண்டும், ஏனெனில் அதன் மணம் கொதியில் ஆவியாகிப் போகும்.

சூப் திரிந்துவிட்டது

சமைப்பவரை மிகவும் கலங்கவைப்பது இந்தக் குறைதான். நான்கு மரபுகளில் இது நான்கு விதமாக நேர்வதால், பொதுவான மருந்து ஒன்று இதற்குக் கிடையாது.

கிரேக்க நாட்டு அவ்கொலேமொனோவில் கோழிச்சாறும் அரிசியும் முட்டை–எலுமிச்சைக் கலவையால் கெட்டியாக்கப்படுகின்றன. வெண்ணிறத் துணுக்குகள் மிதந்தால், முட்டை வெந்துவிட்டது என்று பொருள். அடித்த முட்டையில் சூடான சாற்றை முதலில் சொட்டுச்சொட்டாகவும், பிறகு மெல்லிய தாரையாகவும் விட்டுக் கலக்கி, முட்டை போதிய அளவு சூடான பிறகே அதைப் பானையில் சேர்க்க வேண்டும். அப்போது பானை அடுப்பில் இருக்கக் கூடாது. அதன்பின் மீண்டும் சூடாக்க நேர்ந்தால் 80 டிகிரி செல்சியசைத் தாண்டவிடாமல், ஆவி பறக்கும் நிலையிலேயே நிறுத்த வேண்டும். திரிந்துவிட்ட சூப்பை வடிகட்டி, புதிதாக இரண்டு மஞ்சள்கருக்களை அடித்து, அதே முறையில் மீண்டும் சேர்த்தால் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மிக்சியில் அடிப்பதும் உதவும், ஆனால் நாவில் லேசான நறநறப்பு எஞ்சும்.

துருக்கியின் யாய்லா சோர்பாவில் திரிவது தயிர். தயிரைத் தனியாகச் சூடாக்கினால் அதன் புரதம் சுருங்கி நீரை வெளியே தள்ளிவிடுகிறது. மாவின் ஸ்டார்ச் உடனிருந்தால் புரதத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டுவது தடைப்படுகிறது. எனவே தயிர், மாவு, முட்டை மூன்றையும் அடுப்பில் ஏற்றுவதற்கு முன்பே கட்டியின்றிக் கலக்கி, சாற்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, கொதி வரும்வரை கை நிறுத்தாமல் கிளற வேண்டும். மாவு வெந்து கெட்டியான பிறகு சிறு கொதியை அது தாங்கிக்கொள்ளும். புதினா வதக்கிய வெண்ணெயைக் கடைசியில் ஊற்றுவதுபோல உப்பையும் கடைசியில் போடுவதே அங்குள்ள வழக்கம். மாவை மறந்து தயிரைச் சேர்த்துவிட்டுப் பிறகு தூவுவதில் பயனில்லை.

தாய்லாந்தின் தொம் காவில் தேங்காய்ப்பால் பிரிந்து எண்ணெய் மிதந்தால் அஞ்சத் தேவையில்லை. அது கெட்டுப்போனதன் அறிகுறி அன்று, கடும் கொதியின் விளைவு. சில தாய்லாந்துக் குழம்புகளுக்குத் தேங்காய்ப்பாலை வேண்டுமென்றே பிரியவைத்து, அந்த எண்ணெயில் மசாலாவை வதக்குகிறார்கள். தொம் காவுக்கு அது பொருந்தாது என்பதால், பாலைச் சேர்த்தபின் தீயைக் குறைத்தும், எலுமிச்சைச் சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிந்தும் செய்தால் போதும்.

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துச் சிப்பி சௌடரில் கொழுப்பு குறைந்த பாலே பெரும்பாலும் குற்றவாளி. சுமார் 35 விழுக்காடு கொழுப்புள்ள கிரீமில் புரதம் குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும் இருப்பதால் அது சூட்டையும் சிறிதளவு புளிப்பையும் தாங்கும். எதைச் சேர்த்தாலும் முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கி, உருளைக்கிழங்கு வெந்த பிறகு, கடைசியில் சேர்த்து, கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும். தக்காளி சேர்வது மன்ஹாட்டன் சௌடர். அதில் பால் கிடையாது. இரண்டையும் ஒரே பானையில் கலக்க முயல்பவர்களுக்குத் திரிதல் ஏறக்குறைய உறுதி.

கசக்கிறது

கசப்பு எங்கிருந்து வந்தது என்பதை மூக்கே சொல்லிவிடும். கருகிய வாடை இருந்தால், அடியைச் சுரண்டாமல் மேலே உள்ளதை மட்டும் வேறு பாத்திரத்துக்கு மாற்றிச் சுவைத்துப்பாருங்கள். அப்போதும் கசந்தால் கொட்டிவிடுவதே நல்லது. சர்க்கரை போட்டுக் கருகலை மறைக்க முடியும் என்று நம்புவது வீண். பிரெஞ்சு வெங்காய சூப்பில் இது அடிக்கடி நேர்கிறது, ஏனெனில் வெங்காயம் பத்து நிமிடத்தில் பழுப்பாகிவிடும் என்று பல செய்முறைகள் கூசாமல் எழுதுகின்றன. ஒரு கிலோ வெங்காயம் சீரான பழுப்பு நிறம் அடைய முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகும். அவசரப்பட்டுத் தீயைக் கூட்டினால் ஓரம் கருகி உள்பகுதி பச்சையாக நிற்கும். பாத்திரத்தின் அடியில் பழுப்பு படியும்போதெல்லாம் ஒரு தேக்கரண்டி நீர் விட்டு அதைக் கரைத்து வெங்காயத்தோடு சேர்த்துக்கொண்டே போக வேண்டும்.

அங்கேரியின் குயாஷில் கசப்பு தோன்றினால் பாப்ரிகாவைத்தான் சந்தேகிக்க வேண்டும். அந்த மிளகாய்ப் பொடியில் சர்க்கரை மிகுதி என்பதால் சூடான கொழுப்பில் நொடிகளில் கருகிவிடும். வெங்காயம் வதங்கியதும் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கி, பொடியைத் தூவி, ஒரு சுற்றுக் கிளறி, உடனே நீரோ கறியோ சேர்க்க வேண்டும்.

கருகல் வாடையே இல்லாமல் கசக்குமானால், சூட்டோடு தொடர்பில்லாத காரணமும் இருக்கலாம். ஸ்பெயினின் ஆந்தலூசியப் பகுதியின் கஸ்பாச்சோ அடுப்பையே காணாதது, ஆனாலும் சில வேளைகளில் கசக்கிறது. எக்ஸ்ட்ரா வெர்ஜின் ஆலிவ் எண்ணெயை மிக்சியில் அதிவேகத்தில் நெடுநேரம் அடிக்கும்போது அதிலுள்ள பாலிஃபீனால்களின் கசப்பு மேலோங்குவதே அதற்குக் காரணம். காய்களை அரைத்து முடித்தபின், குறைந்த வேகத்தில் எண்ணெயைத் தாரையாக விட்டு விரைவாக நிறுத்தினால் கசப்பு தோன்றாது.

நிறம் போய்விட்டது

உக்ரைனிய போர்ஷ் செந்நிறத்தை இழந்து பழுப்பானால், பீட்ரூட்டின் நிறமி நீண்ட கொதியில் சிதைந்துவிட்டது என்று அறியலாம். அந்த நிறமிக்குச் சூடு பகை, அளவான புளிப்பு துணை. பீட்ரூட்டைத் தனிச் சட்டியில் சிறிது வினிகரோ எலுமிச்சைச் சாறோ சேர்த்து வதக்கி, மற்றக் காய்கள் வெந்த பிறகு சேர்த்து, சில நிமிடங்களில் இறக்கிவிட வேண்டும். வெளுத்துவிட்டதை மீட்க ஓர் எளிய வழி உண்டு: ஒரு பச்சைப் பீட்ரூட்டைத் துருவி, சூடான சாறும் ஒரு தேக்கரண்டி வினிகரும் ஊற்றிப் பத்து நிமிடம் மூடிவைத்து, அந்தச் சிவந்த நீரைப் பரிமாறுவதற்குச் சற்றுமுன் வடித்துச் சேர்க்கலாம். தக்காளி சேர்த்த போர்ஷ் சற்றே ஆரஞ்சு கலந்த சிவப்பாக இருப்பது இயல்பு; அது குறையன்று.

பச்சை நிறத்துக்கு இதே விதி தலைகீழாகப் பொருந்தும்: கீரையின் பச்சையைப் புளிப்பு கெடுத்துவிடும். போர்ச்சுகலின் கால்து வேர்து சூப்பில் கோஸ் வகை இலையைத் தலைமுடிபோல மெல்லியதாகச் சீவி, கடைசிச் சில நிமிடங்கள் மட்டும், மூடாமல் வேகவைக்கிறார்கள். எகிப்தின் முலூக்கியாவில் நிறத்தோடு வேறொரு குறையும் சேர்ந்து வரும்: பொடியாக நறுக்கிய இலை சாற்றில் பரவி நிற்காமல் அடியில் அமிழ்ந்து, மேலே வெறும் நீர் தெளிந்து நிற்கும். இலையைச் சேர்த்தபின் பானையை மூடியதும் கொதிக்கவிட்டதுமே இதற்குக் காரணங்கள் என்று அங்குள்ள சமையல்காரர்கள் எச்சரிப்பார்கள். கொதி தொடங்கும் தறுவாயில் இறக்கி, பூண்டும் கொத்தமல்லி விதையும் வதக்கிய நெய்யைச் சேர்த்துவிட வேண்டும்.

எவ்வளவு நேரம் ஆகியும் வேகவில்லை

மொரோக்கோவின் ஹரீராவில் கொண்டைக்கடலை கல்லாகவே கிடந்தால், தக்காளி எப்போது போனது என்று பாருங்கள். காய்களுக்கும் பயறுகளுக்கும் உறுதி தரும் பெக்டின், புளிப்பான நீரில் எளிதில் கரைவதில்லை. கால்சியம் மிகுந்த கடின நீரிலும் இதே நிலைதான். கடலையைத் தனியே முழுவதும் வேகவைத்த பிறகே தக்காளியோடு சேர்க்க வேண்டும். ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்கள் என்றால், கடலையை மட்டும் அரித்தெடுத்து, புதிய நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா சேர்த்து வேகவைத்து மீண்டும் சேர்ப்பதே விரைவான வழி. சோடா கூடினால் சோப்பு வாடை வரும். ரஷ்யாவின் ஷ்சீ சூப்பில் புளித்த கோஸைப் போட்ட பிறகு உருளைக்கிழங்கைப் போட்டால் அது மணிக்கணக்கில் நறுக்கென்றே இருப்பதும் இதே காரணத்தால்தான்; கிழங்கு முதலில், கோஸ் பிறகு என்பதே முறை.

சிவப்புக் கிட்னி பீன்ஸைப் பொறுத்தவரை இது சுவை பற்றிய பிரச்சினை மட்டுமன்று. அரைகுறையாக வெந்த பீன்ஸில் உள்ள லெக்டின் என்னும் புரதம் கடும் வாந்தியை உண்டாக்கும். ஊறவைத்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் குறைந்தது 10 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவைத்த பிறகே எந்த சூப்பிலும் சேர்க்க வேண்டும். குறைந்த சூட்டில் இயங்கும் மின்பானையில் பச்சையாக இடுவது ஆபத்தானது.

மெக்சிகோவின் பொசோலேயில் சோளமணிகள் மலர்போல விரியவில்லை என்றால், நீங்கள் பயன்படுத்தியது சாதாரண மக்காச்சோளமாக இருக்க வேண்டும். சுண்ணாம்பு நீரில் வேகவைத்து மேல்தோல் நீக்கப்பட்ட, பருத்த மணிகளே விரியும். அவை பதப்படுத்திய நிலையில் டின்னில் கிடைக்கின்றன. சாதாரணச் சோளத்தை எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் அந்த மென்மை வராது.

கெட்டியாகவில்லை, அல்லது பசையாகிவிட்டது

சீனாவின் காரப்புளி சூப் முதலில் கெட்டியாகிப் பிறகு நீர்த்துப்போனால், ஸ்டார்ச் அளவுக்கு மீறிக் கொதித்திருக்கும், அல்லது அளவுக்கு மீறிக் கிளறப்பட்டிருக்கும். மாவுக் கரைசலை ஊற்றி, ஒரு கொதி வந்து சாறு பளபளத்ததும் தீயைக் குறைத்து, வினிகரை அதன்பிறகு சேர்க்க வேண்டும். சுவைத்துப்பார்த்த கரண்டியை மீண்டும் பானையில் விடுவதும் கெட்டியைக் குலைக்கும், எச்சிலில் உள்ள நொதி ஸ்டார்ச்சை உடைத்துவிடும்.

அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கம்போவில் குறை ரூ எனப்படும், எண்ணெயில் வறுத்த மாவில் தொடங்கும். மாவை எவ்வளவு கறுப்பாக வறுக்கிறோமோ அவ்வளவு மணம் கூடும், கெட்டியாக்கும் ஆற்றல் குறையும். ஆகவே கரும்பழுப்பு ரூவுக்கு மாவின் அளவைச் சற்றுக் கூட்ட வேண்டும். அதில் கரும்புள்ளிகள் தென்பட்டால் மாவு தீய்ந்துவிட்டது. தயங்காமல் எறிந்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். கம்போ நார்நாராக இழுபட்டால், சாசஃப்ராஸ் இலைப் பொடியான ஃபிலேயைச் சேர்த்தபின் கொதிக்கவைத்திருக்கிறீர்கள். அதை அடுப்பை அணைத்த பிறகோ கிண்ணத்திலோதான் தூவ வேண்டும். வெண்டைக்காயின் வழவழப்பு மிகுந்தால், அடுத்த முறை அதைத் தனியே எண்ணெயில் நன்கு வதக்கிவிட்டுச் சேர்க்கலாம்.

குளிரவைத்துப் பருகும் விஷிஸ்வாஸ் பசைபோல இழுத்தால், உருளைக்கிழங்கை மிக்சியில் அதிகமாக அடித்துவிட்டீர்கள். உடைந்த செல்களிலிருந்து வெளியேறிய ஸ்டார்ச்சைத் திரும்ப உள்ளே அனுப்ப வழியில்லை. பாலும் சாறும் விட்டு நெகிழ்த்தலாம், அவ்வளவே. கிழங்கைச் சல்லடையில் தேய்த்து வடிப்பதே பழைய முறை, நல்ல முறையும் அதுவே. குளிர்ந்த நிலையில் நாவுக்கு உப்பு குறைவாகத் தெரியும் என்பதால், இதையும் கஸ்பாச்சோவையும் ஆறியபின் ஒருமுறை சுவைத்து உப்பைச் சரிசெய்ய வேண்டும்.

மற்றக் குறைகள்

உப்பு கூடிவிட்டால், உருளைக்கிழங்கைப் போட்டு எடுப்பதால் பயன் மிகக் குறைவு. கிழங்கு உப்பை மட்டும் பிரித்தெடுப்பதில்லை, சாற்றையே உறிஞ்சுகிறது. உப்பில்லாத சாற்றால் நீர்க்கவைப்பதுதான் வழி. வற்றவைக்க வேண்டிய சூப்புக்கு, வற்றிய பிறகே உப்பு போட வேண்டும்.

நூடுல்ஸோ பாஸ்தாவோ ஊதிச் சாற்றையெல்லாம் குடித்துவிட்டால், அடுத்த முறை தனியே வேகவைத்துக் கிண்ணத்தில் சேர்க்க வேண்டும். பிரான்சின் மார்சே நகரத்து மீன் சூப்பான பூயாபேஸில் மீன் சிதைந்தால், எல்லா மீன்களும் ஒரே நேரத்தில் போயிருக்கின்றன. 1980-இல் அந்நகர உணவகத்தார் உருவாக்கிய சாசனம் பல வகை மீன்களைக் கேட்கிறது. கெட்டிச் சதையுள்ளவை முதலில், மென்மையானவை கடைசியில் போக வேண்டும். அந்த சூப்புக்குக் கடும் கொதி அவசியம், ஏனெனில் ஆலிவ் எண்ணெய் சாற்றோடு கலப்பது அதனால்தான். ஆகவே தீயைக் குறைப்பதற்குப் பதில் நேரத்தைக் குறைக்க வேண்டும்.

மறுநாள் சூப் புளித்துப் போயிருந்தாலோ நுரைத்திருந்தாலோ, கொதிக்கவைத்து மீட்க முயல வேண்டாம். சில பாக்டீரியாக்களின் நச்சு கொதியிலும் அழிவதில்லை. பெரிய பானையில் அப்படியே ஆறவிட்ட சூப்பின் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். அகலமான சிறு பாத்திரங்களில் பிரித்து, குளிர்ந்த நீர்த் தொட்டியில் வைத்துக் கிளறி, இரண்டு மணி நேரத்துக்குள் அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்து, உடனே குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிட வேண்டும். போலந்தின் ஷூரெக் மட்டும் பிறப்பிலேயே புளித்தது. அதற்கான, கோதுமையைப் போன்ற தானியமான ரை மாவுக் கரைசல் சில நாட்களில் இதமான புளிப்பு மணத்தோடு தயாராகும். அதன் மேல் பச்சை, கறுப்பு, இளஞ்சிவப்பு நிறப் பூசணம் தென்பட்டால், மேலாக வழித்தெடுத்துவிட்டுப் பயன்படுத்தாமல், முழுவதையும் கொட்டி, சாடியைக் கொதிநீரால் கழுவிய பின் புதிய மாவில் தொடங்க வேண்டும்.